பார்த்தேன் என்பவரின் சாட்சியம்: பினாங்கு மேடை இசையும் ரசிகர் நினைவும்

1. கேள்வி

பினாங்கின் மேடை இசையைப் பற்றி எழுத முனைகிறவருக்கு ஆவணத்தைவிடப் பேச்சுதான் அதிகம் கிடைக்கும். மலாய்த் திரைப்படமும் இசைத்தட்டும் பெரும்பாலும் சிங்கப்பூரில் உருவாயின. பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனுக்கு வாய்த்தவை மேடைகள்: பங்சாவான் நாடகக் கொட்டகைகள், ஸ்வாட்டோ லேனில் இருந்த நியூ வேர்ல்ட் போன்ற கேளிக்கைப் பூங்காக்கள், ஓட்டல்களின் நடனக் கூடங்கள், முஹர்ரம் மாதத்துத் தெருக்கள். அங்கே வாசித்ததையும் பாடியதையும் ஒலிப்பதிவு செய்து வைத்தவர்கள் அபூர்வம். இரவு முடிந்ததும் மேடை கலைந்தது. மிஞ்சியவர்கள் பார்த்தவர்கள்.

அவர்களுடைய நினைவை எதற்குச் சாட்சியாகக் கொள்வது? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான். இதற்கு வழக்கமாக இரண்டு பதில்கள் உண்டு. நேரில் பார்த்தவரே சொல்லும்போது வேறென்ன ஆதாரம் வேண்டும் என்பார்கள் பழங்கதை விரும்பிகள். நினைவு பிசகும், ஆகவே செய்தித்தாளைப் பார் என்பார்கள் ஆவணக்காரர்கள். இரண்டுமே கேள்வியைத் தட்டிக்கழிக்கின்றன என்று எனக்குப் படுகிறது. என்ன பாடினார்கள், எந்த ஆண்டில் பாடினார்கள் என்பவற்றில் ரசிகர் நினைவு அடிக்கடி சறுக்குகிறது. எங்கே நின்றோம், யாரோடு போனோம், உள்ளே விட்டார்களா, எந்த வாசல் வழியாக விட்டார்கள் என்பவற்றில் அது வியக்கத்தக்க அளவு உறுதியாக நிற்கிறது. வாசித்தவருக்குக் கூலி எங்கிருந்து வந்தது என்ற ஒரு விஷயத்தில் மட்டும் ஏறக்குறைய முழு மௌனம். பிசகைத் திருத்தப் பலர் இருக்கிறார்கள். அந்த மௌனத்தைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

இதைச் சோதிக்க முஹர்ரம் தெருப்பாட்டான போரியா, பாடகரும் நடிகருமான பி. ராம்லி, ஆலிகேட்ஸ் இசைக்குழு ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். அளவுகோலாக அமெரிக்க ப்ளூஸ் இசையின் வரலாற்றெழுத்தைக் கொள்கிறேன். பார்த்தவர் சொல்லும் கதைக்கும் கிடைத்த ஆதாரத்துக்கும் இடையிலான வழக்கை மிக நீண்ட காலமாக நடத்திவருபவர்கள் ப்ளூஸ், ஜாஸ் ஆய்வாளர்கள்தாம் என்பதே காரணம். பினாங்கு இசைக்கு ப்ளூஸ்தான் மூதாதை என்று சொல்லவரவில்லை.

2. இதுவரை எழுதப்பட்டவை

பினாங்கு இசை பற்றிய தீவிர ஆய்வில் தவிர்க்க முடியாத பெயர் டான் சூய் பெங். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியராகப் பணியாற்றிய இவருடைய பங்சாவான் நாடக வரலாறு 1993இல் வெளிவந்தது. பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பினாங்கில் முளைத்த பங்சாவான், காட்சிகளுக்கு இடையே ஃபாக்ஸ்ட்ராட், டேங்கோ, ரும்பா என்று உலகத்து நடன இசையையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்ட விதத்தை இசைத்தட்டுகள், விளம்பரங்கள், பழைய கலைஞர்களின் வாய்மொழி மூன்றையும் ஒன்றோடொன்று உரசிப் பார்த்து அவர் எழுதினார். அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் மிண்டன் வளாகம் முன்பு பிரிட்டிஷ் ராணுவத்தின் குடியிருப்பு. படைவீரர்கள் பொழுதைப் போக்கிய இடத்தில் இன்று இசையியல் கற்பிக்கிறார்கள். தற்செயல்தான், ஆனால் படைக்கும் பாட்டுக்கும் இந்தத் தீவில் உள்ள உறவை நினைத்தால் அப்படி ஒதுக்கிவிடவும் மனம் வருவதில்லை.

இரண்டாவது, பால் அகஸ்டினும் ஜேம்ஸ் லாக்ஹெட்டும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட நூல். 1930களிலிருந்து 1960கள்வரை பினாங்கில் புழங்கிய வெகுசன இசையைப் பழைய இசைக்கலைஞர்களின் நினைவுகள், குடும்பப் புகைப்படங்கள் வழியாகத் திரட்டிய பெருமுயற்சி. 2004 முதல் பினாங்குத் தீவு ஜாஸ் விழாவை நடத்தியவர் அகஸ்டின். கொம்தார் கட்டடத்தில் இசைக் காட்சியகம் ஒன்று உருவாகவும் இந்தத் திரட்டே அடித்தளம். இவர்கள் தேடிப் போயிருக்காவிட்டால் பல பெயர்கள் இறந்தவர்களோடு போயிருக்கும். ஆனால் ‘ஜஸ்ட் ஃபார் தி லவ் ஆஃப் இட்’ என்ற அதன் தலைப்பே ஒரு விளக்கத்தை முன்வைத்துவிடுகிறது: எல்லாம் பிரியத்துக்காக நடந்தது என்று. பிரியம் இருந்ததை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இரவெல்லாம் நடனக் கூடத்தில் டிரம்பெட் ஊதியவருக்கு விடிந்ததும் அரிசி வாங்கக் காசு வேண்டும். பிரியத்தைச் சொல்ல நினைவு முந்திக்கொள்கிறது. கூலியை எவராவது கேட்டால்தான் சொல்கிறது.

தமிழில் இத்துறையில் நம்மிடம் உள்ளவை பெரும்பாலும் அஞ்சலிக் குறிப்புகளும் விழா மலர்க் கட்டுரைகளும். பினாங்கின் தென்னிந்திய முஸ்லிம்கள் ஜாவி பெரனாக்கான் சமூகமாக உருவானதைப் பற்றி 1988இல் விரிவான நூல் எழுதியவர் ஹெலன் ஃபுஜிமோட்டோ. அந்தச் சமூகத்தின் பாட்டையும் ஆட்டத்தையும் தேடும் தமிழ் வாசகர் இன்றும் ஆங்கில, மலாய் நூல்களின் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

3. ப்ளூஸ்காரர்களின் வழக்கு

நியூ ஆர்லியன்ஸின் பட்டி போல்டனை ஜாஸின் முதல் பெருங்கலைஞர் என்பார்கள். 1907இல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு 1931இல் அங்கேயே இறந்தார். அவர் ஊதிய கார்னெட்டின் ஒரு நொடிகூட ஒலிப்பதிவாகக் கிடைக்கவில்லை. இருப்பது ஒரே ஒரு புகைப்படம். ஆற்றின் அக்கரைவரை கேட்கும்படி ஊதுவார், முடிதிருத்தும் கடை வைத்திருந்தார், ஊர்வம்புப் பத்திரிகை நடத்தினார் என்பதெல்லாம் பார்த்தவர்களும் பார்த்ததாகச் சொன்னவர்களும் தந்த செய்திகள். டொனால்ட் மார்க்விஸ் நகரப் பதிவேடுகளைப் பல ஆண்டுகள் புரட்டி 1978இல் நூல் வெளியிட்டபோது கடையும் பத்திரிகையும் காணாமல் போயின. போல்டனோடு சேர்ந்து வாசித்ததாகச் சொன்ன பங்க் ஜான்சன், அதற்குப் பொருந்தும்படி தம் பிறந்த ஆண்டையே பத்தாண்டு முன்னே தள்ளிச் சொல்லியிருக்கலாம் என்பது பிற்கால ஆய்வாளர் பலரின் கணிப்பு. கூட இருந்தேன் என்று சொல்வதற்காக வயதைக் கூட்டிக்கொண்ட மனிதர்! சிரிக்கத் தோன்றினாலும், போல்டனோடு நின்றிருப்பது அந்த ஊரில் எவ்வளவு பெரிய சொத்தாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ராபர்ட் ஜான்சனின் நிலை வேறு. 1936, 1937இல் பதிவான 29 பாடல்களை விட்டுவிட்டு 1938 ஆகஸ்டில் 27 வயதில் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் கறுப்பின இசைக்கென்று ஒரு கச்சேரியை ஏற்பாடு செய்த ஜான் ஹாமண்ட், அவரை மேடையேற்ற ஆசைப்பட்டுத் தேடியபோதுதான் இறந்த செய்தி வந்தது. அவருடைய இடத்தில் பிக் பில் ப்ரூன்ஸி பாடினார். ஜான்சனுடைய இரண்டு இசைத்தட்டுகளை ஹாமண்ட் மேடையிலேயே ஓடவிட்டார். அந்த இரவு அரங்கில் இருந்தவர்கள் ராபர்ட் ஜான்சனை நேரில் கேட்டவர்களா, இல்லையா? இந்தக் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. நேரில் என்று நாம் சொல்வது நாம் எண்ணுகிற அளவுக்குத் தெளிவான எல்லை கொண்டதல்ல.

மூன்றாவதாக ஒரு நிகழ்ச்சியைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம். 1964 மே 7ஆம் தேதி மான்செஸ்டருக்கு அருகே, பயன்பாட்டில் இல்லாத ஒரு ரயில் நிலையத்தில் கிரனாடா தொலைக்காட்சி ப்ளூஸ் நிகழ்ச்சி நடத்தியது. மழை கொட்டியது. சிஸ்டர் ரோசெட்டா தார்ப் குதிரை வண்டியில் வந்திறங்கி, மேல்கோட்டோடு நின்று மின்கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெய்கிற மழைக்குப் பொருத்தமான பாட்டையே முதலில் எடுத்தார். அன்று அங்கே இருந்தவர்களின் பேச்சில் மழை தவறாமல் வருகிறது. படச்சுருளிலும் மழை இருக்கிறது. ஆனால் படம் இன்னொன்றையும் காட்டுகிறது. பார்வையாளர்கள் ஒரு நடைமேடையில், பாடுபவர்கள் எதிர் நடைமேடையில், நடுவே தண்டவாளம். இந்தப் பக்கம் வெள்ளை இளைஞர்கள், அந்தப் பக்கம் கறுப்பினக் கலைஞர்கள். ரசிகர் நினைவு மழையைப் பத்திரப்படுத்தியது. நின்ற நடைமேடை அவர்களுக்கு நினைவிருக்கலாம்; நடுவே ஓடிய தண்டவாளம் யாரை யாரிடமிருந்து பிரித்தது என்று கவனிக்கப் படச்சுருள் தேவைப்பட்டது.

நம் பக்கத்துச் சான்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். நாகஸ்வரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவருடைய தோடியைப் பற்றிப் பேசும் தஞ்சாவூர்க்காரர், விடிய விடிய ஓடிய ஆலாபனையைச் சொல்வார். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். தட்டு பொய் சொல்லவில்லை. தஞ்சாவூர்க்காரரும் பொய் சொல்லவில்லை. தட்டைக் கொண்டு அவருடைய நினைவை அளப்பதுதான் தவறு. சுவாமி புறப்பாட்டில் எந்தச் சந்தியில் ஊர்வலம் நின்றது, யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் தெருமுனையோடு நின்றுகொள்ள வேண்டும் என்பதெல்லாம் தட்டில் இல்லை. கேட்டால் அவர் சொல்வார். கேட்டிருக்கிறோமா?

4. போரியா: பகைவரின் நினைவு

1845இல் பினாங்குக்கு வந்த 21ஆம் மதராஸ் காலாட்படையின் முஸ்லிம் சிப்பாய்கள் முஹர்ரம் விடுமுறையில் வேடம் கட்டிப் பாடிக்கொண்டு போனதில் தொடங்கியது போரியா என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. தலைவர் ஒருவர் அடியெடுத்துப் பாட, வேடமிட்ட குழு பல்லவியை வாங்கித் திருப்பிப் பாடும். வசதியுள்ளவர் வீட்டு வாசல்களுக்குச் சென்று பாடி அன்பளிப்பு வாங்கும் வழக்கம் இருந்தது. முன்பாட்டு, பின்பாட்டு அமைப்பைக் கண்டவுடன் பருத்திக் காட்டுக் கறுப்பினத் தொழிலாளர் பாட்டோடு இணைத்துப் பேச ஆசை வரும். அந்த ஆசையை அடக்கிக்கொள்வது நல்லது. கூட்டமாக உழைப்பவர்களும் நடப்பவர்களும் உலகெங்கும் அப்படித்தான் பாடுகிறார்கள். நடவு வயலிலும் அப்படித்தான்.

கவனிக்க வேண்டியது வேறு. போரியாவைப் பற்றிய பழைய எழுத்துச் சான்றுகளில் ரசிகர்களின் பங்கு குறைவு. காவல் துறைக்கும் காலனி அதிகாரிகளுக்கும் அது ஒழுங்குப் பிரச்சினை. 1867 ஆகஸ்ட் கலவரத்தில் சீன ரகசியச் சங்கங்களோடு கைகோத்து மோதிய சிவப்புக் கொடி, வெள்ளைக் கொடிக் கூட்டங்கள் போரியா ஆடிய அதே முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவை. முஹர்ரம் குழுக்களை அரசு எந்தக் கண்ணால் பார்த்திருக்கும் என்று ஊகிக்கலாம். 20ஆம் நூற்றாண்டில் மார்க்கச் சீர்திருத்தக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். முகம்மது யூசுஃப் பின் சுல்தான் மைதீன் என்பவர் போரியாவின் கேடுகளைக் கண்டித்து 1922இல் மலாயில் தனி நூலே எழுதினார். தகப்பன் பெயரைப் பார்த்தாலே நாகூர், காரைக்கால் பக்கத்து வாசனை அடிக்கிறது. சொந்தச் சமூகத்துக்குள்ளிருந்து எழுந்த கண்டனம்.

வெறுப்பவர் ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்: எவ்வளவு பணம் கரைகிறது, யார் கொடுக்கிறார், எந்தப் பிள்ளைகள் எத்தனை நாள் வீடு தங்காமல் போகிறார்கள். ரசிகர் சொல்லாமல் விடுகிற இடம் கண்டனக்காரருக்கு முதல் பக்கம். மேடை இசையின் பொருளாதாரத்தைத் தேடுபவர் ரசிகரை மட்டும் நம்பக் கூடாது, பகைவரையும் படிக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

5. ராம்லி: யார் முதலில் பார்த்தது?

பி. ராம்லி 1929 மார்ச் 22இல் ஜார்ஜ் டவுனில் பிறந்தார். பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்தார். 1947இல் வடமலாயாவின் சிறந்த பாடகராகப் போட்டியில் தேர்வானார். மறு ஆண்டே புக்கிட் மெர்தாஜாமில் அவர் பாடக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்துக்கொண்டார். 1950இல் அவரை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிப் ‘பக்தி’ படத்தை இயக்கிய எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர்.

கணக்குப் பாருங்கள். பினாங்கை விட்டுப் போகும்போது ராம்லிக்கு வயது 19. புகழ் வருவதற்கு முன்னால் அவரை உள்ளூர் மேடையில் பார்த்தவர்கள் சில நூறு பேரோ சில ஆயிரம் பேரோ. ஆனால் ராம்லியை அப்போதே பார்த்தோம், அப்போதே தெரியும் என்ற பேச்சு தலைமுறை தாண்டி ஓடுகிறது. வேறு ஊர்களிலும் இப்படித்தான்: மான்செஸ்டரில் 1976 ஜூனில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற இசைக்குழுவின் கச்சேரிக்கு வந்தவர்கள் மிகச் சிலரே. வந்ததாகப் பின்னாளில் சொல்லிக்கொண்டவர்கள் ஆயிரக்கணக்கில். இதற்காகவே டேவிட் நோலன் ஒரு புத்தகம் எழுதினார். பார்த்தேன் என்று சொல்வது சில நேரங்களில் நானும் இந்த ஊர்க்காரன் என்று சொல்வதுதான். அதைப் பொய் என்று பிடிக்கும் ஆய்வாளருக்கு ஒரு பொய் கிடைக்கும், அவ்வளவே.

ராம்லியின் கடைசிக் காலம் பற்றிய நினைவு இதற்கு நேர்மாறு. 1964இல் கோலாலம்பூருக்குப் பெயர்ந்த பிறகு படங்கள் தோற்றன. இளைஞர்கள் கிதார்க் குழுக்களின் பக்கம் போய்விட்டார்கள். மேடையில் கூட்டம் அவரைக் கூச்சலிட்டு இறக்கியது என்று பலரும் சொல்வார்கள். 1973 மே 29இல் 44 வயதில் மாரடைப்பால் இறந்தார். 1990இல் டான் ஸ்ரீ பட்டம் தந்தார்கள். தெருவுக்குப் பெயர் வைத்தார்கள். அவர் தந்தையும் உறவினரும் கட்டிய மரவீட்டைத் தேசிய ஆவணக் காப்பகம் சீரமைத்து வைத்திருக்கிறது. இளமையில் அவரைப் பார்த்ததாகச் சொல்பவர்களுக்குக் கணக்கில்லை. கூச்சலிட்ட கூட்டத்தில் நானும் இருந்தேன் என்று சொல்பவரை மட்டும் எங்கும் காணோம். அத்தனை கூச்சலையும் யாரோ முகமற்றவர்கள் போட்டிருக்கிறார்கள். ரசிகர் நினைவு எதைச் சேர்க்கிறது, எதைத் தள்ளுகிறது என்று காட்ட இந்த ஒன்றே போதும்.

6. ஆலிகேட்ஸும் இரண்டாவது படையும்

போரியாவின் தோற்றக் கதையில் ஒரு படை வருகிறது; ஊரே அதைச் சொல்கிறது. நூறாண்டுக்கு மேல் கழித்து இன்னொரு படைக்கூட்டம் வந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1988வரை அக்கரையில் பட்டர்வொர்த் விமானத் தளம் ஆஸ்திரேலியர் கையில் இருந்தது. மிண்டனில் பிரிட்டிஷார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்க வீரர்களை ஓய்வுக்கு அனுப்பிய ஊர்களில் பினாங்கும் ஒன்று. சில நாள் விடுப்பும் கை நிறைய டாலரும் கொண்டு வந்தவர்களுக்கு மதுக்கடையும் நடனக் கூடமும் நேரடி இசையும் வேண்டியிருந்தன. சோல், ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகள் இசைத்தட்டிலும் வானொலியிலும் வந்ததோடு, கேட்டு வாங்கக் காசு வைத்திருந்தவர்களோடும் வந்தன. பினாங்கு இசையின் நினைவில் இந்த இரண்டாவது படை ஏறக்குறைய இல்லை.

அந்தக் காலத்துப் பினாங்கில் கூடிய குழுதான் ஆலிகேட்ஸ். டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் உடன்பிறந்தவர்கள், தமிழர்கள். 1970களில் ஹாங்காங்கில் கூடங்களில் வாசித்துப் பிழைத்துத் திரும்பிய பிறகு, அந்தப் பத்தாண்டின் இறுதியில் மலாய்ப் பாடல்களால் நாடறிந்தவர்கள் ஆனார்கள். சிங்கப்பூரில் பிறந்த எம். நசீர் போன்றவர்கள் அவர்களுக்கு மெட்டமைத்தார்கள். லோகநாதன் 2007 ஜூன் 4இல் புற்றுநோயால் இறந்தார். மலாய் வானொலி அன்று துக்கம் அனுசரித்த விதத்தில் அவர் எந்த இனத்தவர் என்று அடையாளம் காண்பது கடினமாக இருந்திருக்கும்.

ஆலிகேட்ஸைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது தலைமுடி. உருண்டு திரண்ட ஆஃப்ரோ முடி. பாட்டின் பெயர் மறந்தவர்களும் அதை மறக்கவில்லை. இதை நான் அற்பமாகக் கருதவில்லை. கறுப்பின அமெரிக்காவில் 1960களில் அரசியல் பொருள் ஏற்ற அந்த முடி, பினாங்குத் தமிழ் இளைஞரின் தலையில் ஏறி, மலாய்க் காதல் பாட்டோடு தொலைக்காட்சியில் வந்தது. சுருள் முடியையும் கறுத்த நிறத்தையும் குறையாகவே கேட்டு வளர்ந்த தோட்டத்துப் பையனுக்கு அந்தக் காட்சி என்ன செய்திருக்கும் என்று எந்தப் பாட்டுப் பட்டியலும் சொல்லாது. 1992இல் தகவல் அமைச்சராக இருந்த முகமது ரஹ்மத், நீண்ட முடி வைத்த ராக் பாடகர்களைத் தொலைக்காட்சியில் தோன்ற விடாமல் தடுத்து, சிலர் கேமரா முன்னாலேயே முடிவெட்டிக்கொள்ளும் நிலை வந்தபோது, முடியும் இசைதான் என்பது அரசுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்று விளங்கியது.

தமிழ் வீடுகளில் ஆலிகேட்ஸ் நம்ம பிள்ளைகள். அதோடு ஒரு சின்ன மனக்குறையும் ஒட்டிக்கொண்டிருக்கும்: இவர்களுக்குப் பெயர் தந்தது மலாய்ப் பாட்டுத்தானே என்று. மலாய் வீடுகளில் அவை அண்ணன் கல்யாணத்தில் ஒலித்த பாட்டுகள். இரண்டும் உண்மை. இவற்றைச் சேர்த்து ‘இன ஒற்றுமை’ என்று விழா மேடையில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரே குழுவை இரு தரப்பும் நேசித்தார்கள் என்பது சரி. ஒரே கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்று கேட்டார்களா என்பது தனிக் கேள்வி. மான்செஸ்டர் நடைமேடையைப் போல, இங்கேயும் தண்டவாளம் எங்கே ஓடியது என்று கேட்க வேண்டும். நின்ற இடத்தை ரசிகர்கள் நன்றாக நினைவில் வைத்திருப்பதால் இதற்கு விடை கிடைக்கும்.

போகிற போக்கில் ஒன்று. மலேசியாவில் ப்ளூஸ் என்ற பெயரையே சூட்டிக்கொண்ட ப்ளூஸ் கேங் குழு, நெகிரி செம்பிலான் வட்டார வழக்கில் பாடிப் புகழ்பெற்றது. அதில் கிதார் வாசித்தவர்களுள் ஒருவர் ஜிம் மாடசாமி. திருநெல்வேலிக் காவல் தெய்வத்தின் பெயர் மிசிசிப்பிக் கிதாரோடு சேர்ந்து நிற்கும் இடம் உலகில் வேறெங்கும் இருக்குமா, தெரியவில்லை. இதைப் பற்றித் தமிழில் ஒரு முழுக் கட்டுரையையாவது நாம் எழுதியிருக்க வேண்டும்.

7. பொற்காலம் எப்போது முடிந்தது?

மேடை இசையின் பொற்காலத்தைக் கொன்றது எது என்று கேட்டால் ஒருவர் டிஸ்கோ என்பார், ஒருவர் கரவோக்கே என்பார், இன்னொருவர் தொலைக்காட்சி என்பார். தொலைக்காட்சி 1963 டிசம்பரிலேயே மலேசியாவுக்கு வந்துவிட்டது. கரவோக்கே வர 1980கள் ஆயின. இந்த இருபதாண்டு இடைவெளி பேச்சில் மறைந்துவிடுகிறது.

இத்தாலிய வாய்மொழி வரலாற்றாளர் அலெஸாண்ட்ரோ போர்டெல்லி இப்படிப்பட்ட பிசகு ஒன்றைத்தான் தம் புகழ்பெற்ற ஆய்வின் மையமாக்கினார். டெர்னி நகரத் தொழிலாளி லூய்ஜி ட்ராஸ்டுல்லி 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் போலீசாரால் கொல்லப்பட்டார். ஊர்க்காரர் பலரோ அவர் 1953இல், ஆலையில் ஆட்குறைப்பு நடந்தபோது மூண்ட போராட்டத்தில் இறந்ததாக நினைவுகூர்ந்தார்கள். அவர்களை மிக ஆழமாகக் காயப்படுத்தியது 1953. ஆகவே சாவையும் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். பிசகிய தேதிதான் அவர்களுடைய காயத்தைக் காட்டிக் கொடுத்தது.

பினாங்கிலும் தேதிகளை அடுக்கிப் பார்க்கலாம். 1786இல் பிரிட்டிஷ் குடியேற்றத்தை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டின் காலத்திலிருந்து வரியற்ற துறைமுகமாக இருந்த தகுதி 1969இல் பறிபோனது. வணிகம் சரிந்து வேலையின்மை சுமார் 15 சதவீதத்துக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம் கோலாலம்பூரில் இனக் கலவரம். 1971க்குள் பிரிட்டிஷ் படைகள் பெருமளவு வெளியேறின. வியட்நாமிலிருந்து அமெரிக்கர் பின்வாங்கியதும் ஓய்வுக்கு வருவோரும் நின்றுபோனார்கள். கூடத்துக்குக் காசு கொண்டுவந்த துறைமுக வணிகர், பிரிட்டிஷ் சிப்பாய், அமெரிக்க விடுப்புக்காரர் ஆகிய மூவரும் ஏறக்குறைய ஐந்தாறு ஆண்டுக்குள் போய்விட்டார்கள். 1972இல் பாயான் லெப்பாஸில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை தொடங்கியபோது ஊருக்கு வேலை வந்தது. ஆனால் இரவு வேலைமுறையில் மின்னணு ஆலைக்குப் போகும் ஊர் இரவில் ஆடும் ஊராக இருக்க முடியாது.

இத்தனை பெரிய காரணங்களை விட்டுவிட்டு ரசிகர் நினைவு கரவோக்கேயைக் குற்றவாளி ஆக்குவது ஏன்? என் ஊகம்: கரவோக்கே இசைக்குள்ளேயே இருக்கும் எதிரி. இசையைக் கொன்றது இன்னொரு இசை என்றால் பிரியத்தின் கதை பிரியத்தின் கதையாகவே முடிகிறது. துறைமுகச் சட்டமும் படை விலகலும் உள்ளே வந்தால், அந்த இசை யார் காசில் ஓடியது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவரும். இதை மறுக்கும் சான்று கிடைக்கலாம். எங்கள் கூடத்துக்குச் சிப்பாய்களே வந்ததில்லை, மாதச் சம்பளம் வாங்கிய குமாஸ்தாக்களும் வாத்தியார்களும்தான் வந்தார்கள் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் என் வாதம் அந்த அளவில் சுருங்கும். அப்படிச் சில கூடங்கள் இருந்திருக்கவும் வேண்டும்.

8. கேட்கப்படாதவர்கள்

இசைக்குழுவுக்கு மிக அருகில் இருந்து இரவுதோறும் கேட்டவர்கள் யார்? கட்டணச் சீட்டு வாங்கியவரோடு ஒரு பாட்டுக்கு ஆடிய நடனப் பெண்கள்தாம். ரசிகர் ஆண்டுக்குச் சில இரவு வந்திருப்பார். இவர்கள் தினமும் நின்றார்கள். எந்த டிரம்பெட்காரர் தாளம் பிசகுவார், எந்தப் பாட்டுக்குச் சீட்டு அதிகம் விற்கும், முதலாளி எப்போது மெதுவான பாட்டை வாசிக்கச் சொல்வார் என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்கும். பாட்டின் நீளம் இவர்களுக்குக் கூலிக் கணக்கு. இவர்களில் நாடறிந்த ஒரே பெயர் ரோஸ் சான். சிங்கப்பூரில் நடனப் பெண்ணாகத் தொடங்கி மேடை ஆட்டக்காரியாகப் பெயரெடுத்து 1987இல் பட்டர்வொர்த்தில் இறந்தார். அவரைப் பற்றி எழுதியவர்கள் அவர் உடலைப் பற்றி எழுதினார்கள். அவர் காதைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

1903 முதல் 1986வரை பினாங்கிலிருந்து வந்த ‘ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ’ இதழிலும் 1924 முதல் 2019வரை வந்த ‘தமிழ் நேசன்’ இதழிலும் மேடை நிகழ்ச்சிகளின் விளம்பரங்கள் கிடக்கின்றன. ஒரு விளம்பரத்தைப் பிரதியெடுத்து ரசிகர் முன் வைத்து, என்ன பாடினார்கள் என்று கேட்காமல் எவ்வளவு கொடுத்தீர்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், வீட்டுப் பெண்கள் வந்தார்களா, எப்படித் திரும்பினீர்கள் என்று கேட்கத் தொடங்கலாம். 1965இல் இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. ஆண்களிடம் இதைக் கேட்பது எளிது. அவர்கள் கோப்பிக் கடையில் கிடைப்பார்கள். கூடத்தில் சீட்டுக்கு ஆடியவர்கள் பாட்டிகளாகி, பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தொழில் தெரியாத வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, பெயரும் கூடமும் கேட்காமல் பாட்டிலிருந்து தொடங்குவது: எந்தப் பாட்டு வந்தால் கால் வலித்தது என்று.